உள்ளே கொண்டி போட்ட கதவுகள்

விடுதிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிற தங்கச்சிமாரே, உங்கள் கையில் ஒரு திறப்புக்கோர்வை தந்திருப்பார்கள். களஞ்சியத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, முன்கதவுக்கு ஒன்று, பிள்ளைகளின் அறைகளுக்கு ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, குளிக்கிற இடத்துக் கதவுகளுக்குத் திறப்பைக் காணவில்லையே என்று தேடுவீர்கள். தேடாதீர்கள். அது தொலையவில்லை. அப்படி ஒரு திறப்பை நாங்கள் செய்யவே இல்லை. ஏன் செய்யவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உயிலங்குளத்தாள். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் வயல் செய்கிறவர். காலையில் திருநீறு பூசி, "கேதீச்சரத்தானே, இன்றைக்கு ஒரு பிள்ளையின் மனமும் என்னால் நோகக்கூடாது" என்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பெண்பிள்ளைகள் விடுதியில் மேற்றனாக இருந்து ஓய்வு பெற்றேன். உங்களுக்கு இப்போது பயிற்சி வகுப்பெல்லாம் வைக்கிறார்கள். நல்ல காரியம். எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரேயொரு பேச்சு. எனக்கு முன்னர் மேற்றனாக இருந்தவர் பொறுப்பைத் தந்துவிட்டுப் போகும்போது சொன்னார்: "கதவைத் தட்டு. தட்டிப்போட்டு நில்லு. திறக்கிறது உள்ளுக்கை இருக்கிறவளின்ர வேலை." ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று தலையாட்டி வைத்தேன். அதன் பாரம் அமலி வந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்குமாக இரண்டு விடுதிகள் இருந்தாலும், சுகமில்லாத பிள்ளைகளுக்கு அறை ஒன்றுதான். அது என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் மத்தியானம், கட்டட நிர்மாணப் பிரிவில் முதலாம் வருடம் படிக்கிற பிள்ளையொன்றை அங்கே தாங்கிக்கொண்டு வந்தார்கள். வெளியே நில அளவைப் பயிற்சி. வெயிலில் மயங்கி விழுந்துவிட்டது. தலைமயிர் தோள்வரைக்கும், கழுத்தில் செபமாலை, உடுத்திருந்தது காற்சட்டையும் சேர்ட்டும். பதிவில் ஆண்பிள்ளைப் பெயர் இருந்தது, இடமும் ஆண்பிள்ளைகள் விடுதியில். அந்தப் பதிவுப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். கூட வந்தவள் அதே வகுப்புத் தாரணி. நானாட்டான் ஊர்ப் பிள்ளை, என் விடுதிக்காரி, வாயாடி.

அந்தப் படிப்புத் தவணையில் அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தது அது முதல்தடவை இல்லை. முன்பெல்லாம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அன்றைக்குத் தற்செயலாக அந்தப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் கண்ணில் பட்டது. கழுத்துவரை நிறைந்திருந்தது.

"காலமை துடங்கி வெய்யிலுக்கை நிக்கிற பிள்ளை, ஏன் ஒரு மிடறும் குடிக்கேல்லை?"

"குடிச்சாப் போகவேணும் அன்ரி."

"போறதுக்கென்ன?"

"எங்கை போறது அன்ரி?"

எனக்கு விளங்கவில்லை. தாரணிதான் சொன்னாள். "பெடியள் பக்கம் போனா, கொண்டியைக் கழட்டி வைச்சிட்டு வெளியில நிண்டு உதைக்கிறாங்கள் அன்ரி. 'நங்கை வாறா, வழி விடுங்கோடா' எண்டு பாட்டு வேற. எங்கட பக்கம் வந்தா சீனியர் அக்காமார் கத்தினம். அதாலை பொழுதுபடுமட்டும் இவள் தண்ணி வாயில வைக்கிறேல்லை."

தங்கச்சிமாரே, திருநங்கை என்ற சொல்லைப் பேப்பரில் படித்திருந்தேனே தவிர, அப்படி ஒரு பிள்ளையோடு நான் பழகியதில்லை. அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக்கூடாது என்று எனக்கு ஒருவரும் படிப்பித்துத் தரவும் இல்லை. மனதில் வந்ததைக் கேட்டேன்.

"உன்னை நான் என்னெண்டு கூப்பிட?"

அவள் தாரணியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அமலி."

"அமலி, இந்தா, இதைக் குடி. என்ர அறைக்குப் பின்னால எனக்கெண்டு ஒரு கக்கூசு இருக்கு. இண்டையிலிருந்து அது உனக்கும்தான்."

போத்தலை வாயிலிருந்து எடுக்காமல் முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு, இந்தத் தவணையோடு படிப்பை விடப்போவதாகச் சொன்னாள். வீட்டிலிருந்து வந்துபோகக் கூடாதோ என்று கேட்டேன். ஓலைத்தொடுவாயில் வீடு. அண்ணன்மார் அடிப்பார்களாம். "அப்பா அடிக்கமாட்டார் அன்ரி. நான் வாசலால வந்தா அவர் எழும்பிக் கடற்கரையில இருக்கிற மீன்வாடிக்குப் போயிடுவார், அவ்வளவுதான்" என்றாள். அடித்ததைச் சொன்னபோது கலங்காத கண், இதைச் சொன்னபோது கலங்கியது.

ஆக, விடுதியில் அவளுக்கு ஒழுங்கான இடம் கிடைத்தால் படிப்பு உண்டு. இல்லையென்றால் படிப்பும் இல்லை, போவதற்கு வீடும் இல்லை. அவளின் ஆயுள்முழுவதற்குமான காரியம் ஒரு கட்டிலிலும் ஒரு குளியலறையிலும் தொங்கிக்கொண்டு நின்றது.

பணிப்பாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். "பத்திரத்தில ஆண் எண்டிருக்கே மேற்றன்" என்றார். வைத்தியரைக் கண்டு சான்றிதழ் எடுத்து, பிறப்பத்தாட்சியைத் திருத்த இந்த நாட்டில் வழி இருக்கிறது என்றும் அவரே சொன்னார். அதற்குக் காலம் செல்லும். "பத்திரம் வருமட்டும் பிள்ளை தண்ணி குடியாமல் இருக்கேலுமோ சேர்?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இரக்கத்தோடுதான் ஒரு வழி சொன்னார். சுகமில்லாதவர்களின் அறையை அவளுக்குக் கொடுத்துவிடலாம். தனி அறை, தனிக் குளியலறை, ஒருவருக்கும் தொல்லையில்லை.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனாலும் சரி என்று சொல்ல முதல், அவளிடம் ஒருக்கால் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். போய்க் கேட்டேன்.

"வருத்தம் ஒண்டும் இல்லாமல் வருத்தக்காரரின்ர அறையில எவ்வளவு காலம் அன்ரி கிடக்கிறது?" என்றாள் அமலி.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரக்கப்பட்டு நாம் எடுக்கிற முடிவிலும் பிள்ளையை ஒதுக்கி வைக்கிற முடிவு இருக்கலாம். கேட்கப் போனதால் தப்பினேன்.

அவள் சொன்னதை அப்படியே பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். பெண்பிள்ளைகள் விடுதிதான் அவளுக்கு இடமென்று முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு ஆர் சொல்வது? நான் சொல்லவா, தாரணி சொல்லவா, அல்லது ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் விடுவதா என்று அமலியிடமே கேட்டேன். "எல்லாருக்கும் பாதி தெரியும் அன்ரி. மிச்சத்தை நானே சொல்லுறன்" என்றாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னாள். சின்ன வயதிலிருந்தே தன்னைப் பெண் என்றுதான் அறிந்ததாகவும், மாதாவிடம் மன்றாடியதெல்லாம் அந்தப் பெயரில்தான் என்றும், படிப்பை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர ஒருவரிடமும் வேறொன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

தாரணி கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பினாள். "ஒரு கேள்வி. நித்திரையில குறட்டை விடுவியோ?"

"இல்லை."

"அப்ப என்ர அறைக்கு வா. முந்தி இருந்தவள் மனிசியில்லை, ட்ரக்டர்."

"உன்ர அப்பான்ர ட்ரக்டரைவிட நான் பரவாயில்லையடி!" என்று முன்பு அந்த அறையில் இருந்தவள் மூலையிலிருந்து கத்த, மண்டபமே சிரித்தது.

ஆனால் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் அடங்கியபிறகு கையை உயர்த்தினாள். "எனக்கு அவளோட கோவம் இல்லை அன்ரி. ஆனால் தொட்டியடி?"

உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் விடுதியில் குளிப்பதற்கு நாலு மதில்களுக்கு நடுவே ஒரு பெரிய சீமெந்துத் தொட்டிதான். எல்லோரும் நெஞ்சுக்கு மேலே கட்டிய குறுக்குக்கட்டோடு சுற்றி நின்று வாளியால் அள்ளிக் குளிப்பார்கள். கேள்வி நியாயமானது. அதைக் கேட்டவளை அதட்டி இருத்தியிருந்தால் காரியம் அன்றைக்கே கெட்டிருக்கும். "உனக்கு அதில என்ன பயமெண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.

அவள் தலையைக் குனிந்தாள். "அவளால மட்டும் இல்லை. நான் உங்களோடயும் குளிக்கிறேல்லை. விடிய முதல் தனியப் போய்க் குளிச்சிட்டு வாறனான்." குழந்தையாக இருந்தபோது யுத்தத்தில் ஷெல் பட்டு, முதுகு முழுவதும் தழும்பு. கூடப் படித்தவர்கள் ஒருவருக்கும் அது தெரியாது. அவள் வாய் திறந்ததும் இன்னொருத்தி எழும்பினாள். முஸ்லிம் பிள்ளை. ஊரில் இப்படி வெளியில் குளித்துப் பழக்கமில்லை, எல்லோரும் போகும்வரை காத்திருந்து வகுப்புக்குப் பிந்துகிறேன் என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக.

இத்தனை வருடங்களாக அந்தத் தொட்டியடியில் பிள்ளைகள் சந்தோஷமாகக் குளிக்கிறார்கள் என்றல்லவா இருந்தோம்.

"அறை அறையாச் சுவர் எழுப்பி, ஒவ்வொண்டுக்கும் கதவு போட்டா ஆருக்கு விருப்பம்?"

உயராத கை இல்லை. அமலியின் கையும் உயர்ந்து நின்றது, மற்றக் கைகளுக்கு நடுவே, எது அவளின் கையென்று தெரியாதபடி.

விருப்பம் சரி. கட்டுவது எப்படி? மேலிடத்துக்குக் கேட்டு எழுதி, அனுமதி வந்து, ஆட்கள் வந்து கட்டி முடிக்க அடுத்த வருடம் ஆகிவிடும். அதுவரைக்கும் அமலி என் கக்கூசுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கட்டட நிர்மாணப் பிள்ளைகள் ஒவ்வொரு தவணையும் பயிற்சிக்குச் சுவர் கட்டுவார்கள். ஆசிரியர் புள்ளி போட்டதும் அதை இடித்துக் கல்லைக் கழுவி அடுக்கி வைப்பார்கள், அடுத்த தவணைக்காரர் அதே கல்லில் கட்ட. சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவதால் லேசாகக் கழன்று வரும். எத்தனையோ நல்ல சுவர்கள் அப்படிக் கட்டி இடிபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நேரே அந்தப் பிரிவுப் போதனாசிரியரிடம் போனேன். "சேர், இந்தமுறை இடிக்கிற சுவரை எங்களுக்குத் தாங்கோவன். சீமெந்தில, எங்கட இடத்தில." அவர் சிரித்துவிட்டார். பணிப்பாளர் சீமெந்துக்குச் சம்மதித்தார். தச்சுப்பிரிவுப் பிள்ளைகள் கதவு செய்து தர முன்வந்தார்கள். வரைபடத்தைக் கீறியது அமலி. கொண்டி உள்ளே மட்டும்தான் இருக்க வேண்டும், வெளியிலிருந்து திறக்க ஒரு வழியும் இருக்கக்கூடாது என்று அதில் அவள்தான் போட்டாள்.

"அவசரத்துக்கெண்டு என்னட்டை ஒரு திறப்பாவது?" என்று கேட்டேன்.

"அவசரமெண்டாக் கதவை உடையுங்கோ அன்ரி. உடைச்சா எல்லாருக்கும் தெரியும். திறப்பெண்டா ஒருத்தருக்கும் தெரியாமல் திறக்கலாம்."

வரைபடத்தை அப்படியே தச்சுப்பிரிவுக்கு அனுப்பினேன்.

முதல் அறை முழு உயரத்துக்கு முடிந்து, மற்றச் சுவர்கள் நெஞ்சளவுக்கு எழும்பியபோதுதான் புயல் வந்தது. அமலி அங்கே வேலை செய்வதை ஆரோ படமெடுத்து, பெண்பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் ஆண் நிற்கிறான் என்று எழுதி, வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்தநாள் காலை, ஒரு வான் வண்டி நிறையத் தாய்தகப்பன்மார் கேற்றடியில். முன்னுக்கு நின்றவர் தாரணியின் தாயார். மகளைக் கூட்டிப்போக வெறும் பையொன்றும் கையில். காவலாளி கேற்றைச் சாத்திவிட்டார். பணிப்பாளர் தொலைபேசியில்.

"மேற்றன், அந்தப் பிள்ளையைப் பின் கேற்றால இண்டைக்கு அனுப்பிவிடுங்கோ. நாளைக்கு யோசிப்பம்."

"இண்டைக்குப் பின் கேற்றால அனுப்பினா, நாளைக்கு யோசிக்கிறதுக்குப் பிள்ளை இராது சேர்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"முன் கேற்றைத் திறக்கப் போறன்."

அதற்கு முதல் அமலியிடம் ஓடினேன். அறைக்குள் இருக்கப் போகிறாயா, என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். "என்ர வேலை அரைவாசியில நிக்குது அன்ரி. நான் அதைச் செய்யிறன்" என்று, சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் கேற்றைத் திறந்தேன். மூடிய கேற்றுக்கு வெளியே நிற்கிறவருக்குக் கோபம் ஏறுமே தவிர இறங்காது, இதையும் மறக்காதீர்கள். "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றேன்.

"தேத்தண்ணி குடிக்க வரேல்லை!" என்றார் தாரணியின் தாயார். "எங்கட பிள்ளையள் குளிக்கிற இடத்தில என்ன கூத்து நடக்குது? உள்ள சாமிப் படம் வேற வைச்சிருக்கிறியள். சாமிக் குத்தம் வராதோ?"

"அக்கா, சிவராத்திரிக்குக் கேதீச்சரத்தில பாலாவித் தீர்த்தத்தில தண்ணி மொண்டு போய் நாங்களே லிங்கத்துக்கு ஊத்திறம். ஒருநாளாவது அங்கை வரிசையில நிக்கேக்கை ஆரும் பிறப்பத்தாட்சி கேட்டதோ? ஊத்திற கை ஆரின்ர கையெண்டு பாக்காத சாமிக்கு, இந்தப் பிள்ளை குளிக்கிறதாலயோ குத்தம் வரப்போகுது? சரி, என்ர கதையை விடுங்கோ. இடத்தைப் பாருங்கோ."

வாதாடாமல் நேரே தொட்டியடிக்குக் கூட்டிப்போனேன். சுவர்கள் வரிசையாக நின்றன. முதல் அறைக்குக் கதவும் பொருத்தியாகிவிட்டது. அமலி முதுகைக் காட்டியபடி கல் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாந்து குழைத்துக்கொண்டு நின்றது வேறு ஆருமில்லை, தாரணி.

"அம்மா, வந்த புதிசில இங்கை குளிக்க ஏலாதெண்டு அழுது அழுது போன் எடுத்தனான். என்ன சொன்னனீங்கள்?"

தாயார் வெறும் பையை மறுகைக்கு மாற்றினார்.

"பல்லைக் கடிச்சுக்கொண்டு குளி எண்டனீங்கள். பல்லைக் கடிக்காமல் குளிக்க இவள்தான் வழி கீறினவள். இப்ப ஆரைப் பிடிச்சு அனுப்பப் போறியள்?"

"வாயைப் பார் இவளின்ர" என்றார் தாயார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. சுவரில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். "விழாதே இது?"

அமலி திரும்பினாள். முகம் முழுவதும் வேர்வை. "விழாது அம்மா. குண்டு பிடிச்சுக் கட்டினது."

தாயார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை, சொல்லிப்போட்டன்" என்றார் என்னிடம். பிறகு தேநீரைக் குடித்தார். மற்றத் தாய்மார் அந்தக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக நின்றார்கள். வான் வண்டியில் ஏறும்போது தாரணியின் தாயாரின் பை வெறும் பையாகவே போனது.

அவ்வளவில் முடிந்ததென்று மூச்சு விட்டேன். முடியவில்லை. கேற்றடியில் ஒரு மனிதர் தனியாக நின்றுகொண்டிருந்தார். சாரம், வெயிலில் கறுத்த தேகம், கையில் ஒரு பொலித்தீன் பை. ஓலைத்தொடுவாயிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். அமலியின் தகப்பன். அவருக்கும் படம் போயிருக்கிறது.

அமலிக்குப் போய்ச் சொன்னேன். கையிலிருந்த சாந்துக்கரண்டியைக் கீழே வைத்தாள். "சந்திக்கிறியோ?" "தெரியேல்லை அன்ரி." சொல்லிவிட்டு, அந்தக் கதவு போட்ட அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டாள். நான் கதவைத் தட்டினேன். "உன்ர விருப்பம் பிள்ளை. அவரைத் திருப்பி அனுப்பவோ?" உள்ளேயிருந்து குரல் வந்தது: "வரட்டும். நான் இதுக்குள்ள நிண்டு கேக்கிறன்."

கூட்டிவந்தேன். உள்ளே அவள் இருப்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், வள்ளத்துப் பலகையைப் பார்ப்பதுபோல.

"இது அந்தப் பிள்ளை கட்டினதோ?"

"ஓம் ஐயா."

"கொண்டி எந்தப் பக்கம்?"

"உள்ளுக்கு."

"வெளியால ஒருத்தரும் திறக்கேலாதோ?"

"ஏலாது. என்னட்டையும் திறப்பு இல்லை."

அவர் அந்தக் கதவில் கையை வைத்தார். பிறகு சொன்னார். "எங்கட வீட்டில உள் அறையளுக்குக் கதவு இல்லை அம்மா. சேலைத் திரைதான். மூத்தவங்கள் அடிக்கேக்கை அந்தப் பிள்ளைக்குப் போய்ப் பூட்டிக்கொள்ள ஒரு இடம் இருக்கேல்லை. நான் தகப்பன், எழும்பி வாடிக்குப் போனன். இண்டைக்குப் படத்தைப் பாத்திட்டு, இங்கையும் ஆரும் அடிக்கிறாங்களோ எண்டுதான் பாக்க வந்தனான்."

உள்ளே கொண்டி இழுபடுகிற சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தது அவள். நான் விலகி நடந்தேன். பின்னால் அந்த மனிதர் முதல்தடவையாக "அமலி" என்று கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது. பொலித்தீன் பையில் இருந்தது பொரித்த சூடைமீன். அன்றிரவு முழு விடுதிக்கும் ஆளுக்கொன்றாவது கிடைத்தது. தாரணிக்கு மட்டும் இரண்டு.

அமலி அந்தப் பிரிவிலேயே முதலாவதாகத் தேறினாள். பட்டமளிப்பு நாளில் சேலை உடுத்து, பத்திரத்திலும் அமலி என்று எழுதிய பெயரோடு மேடையேறினாள். மண்டபத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைச் சேர்ட் போட்ட ஓலைத்தொடுவாய்க்காரர். மற்றவர் தாரணியின் தாயார், அந்த நானாட்டான் அம்மா. "எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, கை சிவக்கத் தட்டினார். இன்றைக்கு அமலி ஊரூராகக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்கிறாள். போத்தல் தண்ணீர் எப்போதும் கையில்.

கட்டிக் கட்டி இடித்த அத்தனை சுவர்களுக்குள்ளும் அந்த நிறுவனத்தில் இன்றுவரை இடிக்கப்படாமல் நிற்பது அந்தச் சுவர்தான். போய்ப் பாருங்கள். கதவு சாத்தியிருந்தால் தட்டுங்கள். தட்டிவிட்டு நில்லுங்கள்.